முத்திரையில்லாத டன்

பெறுநர்: எரிசக்தித் திறன் பணியகம், சேவா பவன், ராமகிருஷ்ணபுரம், புது தில்லி.

பொருள்: ஏசி, கீசர் லேபிள்களில் உள்ள ரகசியத்தைக் கட்டிக்காத்து வருவதற்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

2006-ல் நீங்கள் நட்சத்திரம் ஒட்டத் தொடங்கினீர்கள். அன்றிலிருந்து எங்கள் ஊர் ஆட்கள் நட்சத்திரத்தை எண்ணுகிறார்கள், விலையைக் கேட்கிறார்கள், வாங்கிவிடுகிறார்கள். நடுவில் அச்சாகியிருக்கும் எண்களைப் படிப்பாரில்லை. படித்தால் என்ன ஆகும் என்பதைப் போன கோடையில் கோயமுத்தூர் கிராஸ்கட் ரோட்டுக் கடை ஒன்றில் பார்த்தேன்.

"ஒன்றரை டன்னுங்ண்ணா. பதினெட்டாயிரம் பிடியு" என்றார் விற்பனைத் தம்பி.

"மணிக்குங்களா, நாளைக்குங்களா?"

"மொத்தமாவே பதினெட்டாயிரமுங்ண்ணா."

பக்கத்தில் சூலூரிலிருந்து வந்த தம்பதி. அந்தம்மா லேபிளில் '4800 வாட்' என்ற இடத்தில் விரலை வைத்தார். "ஏனுங்க, மணிக்கு அஞ்சு யூனிட்டு தின்னுமாட்ட இருக்குது. நமக்கு ஃபேனே போதும்." கிளம்பிவிட்டார்கள்.

அந்தம்மா விவரம் தெரியாதவர் அல்ல. 1937-லேயே ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்த ஊர் இது. 'ஏழரை எச்பி' என்றால் எத்தனை அடி ஆழத்துக்குத் தாங்கும் என்று தோட்டத்தில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். யூனிட்டும் எங்களுக்குப் புதிதல்ல. மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில், 1970-ல் பெருமாநல்லூரில், உழவர்கள் மூவர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். ஆகவே யூனிட்டுக்கு என்ன விலை என்று நீங்கள் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஏசியும் போர்வெல் மோட்டார் மாதிரிதான். மோட்டார் தண்ணீரை மேலே தள்ளுகிறது. ஏசி அறையின் சூட்டை வெளியே தள்ளுகிறது. லேபிளின் 4800 வாட், தள்ளும் சூட்டின் வேகம். அதற்காக இழுக்கும் கரண்ட் முழு வேகத்தில் ஓடும்போதும் ஒன்றரைக் கிலோவாட்டை ஒட்டித்தான் இருக்கும். மோட்டார் இழுக்கும் கரண்ட்டையும் அது தள்ளும் தண்ணீரையும் ஒரே அலகில் எழுத எந்த பம்ப் கம்பெனிக்கும் இதுவரை தோன்றியதில்லை. உங்கள் துறையில் இரண்டுமே வாட். இதில் ஓர் அழகு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது டன். ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ, அந்த வேகம்தான் ஒரு டன் குளிர்ச்சி. மணிக்கு 12,000 பிடியு சூடு. நம் கணக்கில் 3517 வாட். அதுவும் அமெரிக்க டன், 907 கிலோதான். பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய ஐஸைக் கப்பலில் கொண்டுவந்து வைக்கச் சென்னைக் கடற்கரையில் 1842-ல் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். அந்த ஐஸ் உருகி ஓடி நூறாண்டுக்கு மேல் ஆகியும் டன் மட்டும் உருகவில்லை.

சரி, டன்னே இருக்கட்டும். ஒன்றரை டன் என்றால் 5275 வாட் இருக்க வேண்டும். 'ஒன்றரை டன்' என்று விற்கும் பல ஏசிகளின் லேபிளில் 5000-ஐ ஒட்டித்தான் எண் நிற்கிறது. 4800-ம் உண்டு, சூலூர் அம்மா விரல் வைத்தது அதில்தான். 475 வாட் துண்டு விழுகிறது. ஐஸ் கணக்கில் நாளைக்கு 120 கிலோவுக்கு மேல். எங்கள் சந்தையில் முத்திரையில்லாத படிக்கல்லில் தக்காளி நிறுத்தால் தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து அபராதம் எழுதுவார். அந்த வேலை உங்களுடையது அல்ல, அறிவேன். லேபிளில் உண்மையைச் சின்னதாக அச்சிடுவதோடு உங்கள் கடமை முடிகிறது; அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிடுவது கம்பெனியின் உரிமை.

திருப்பூரில் இந்தக் குழப்பமே கிடையாது என்று பெருமைப்பட்டுக்கொள்ள நினைத்தேன். சாயப்பட்டறைக்காரர் "நம்முளுது ரெண்டு டன் பாய்லருங்க" என்றார். மணிக்கு இரண்டு டன் நீராவி. கொதிக்கும் நீரை நீராவியாக்கும் கணக்கில் அந்த டன் ஒன்று 627 கிலோவாட். ஆபீஸ் ரூம் ஏசியின் டன்னைப்போல 178 மடங்கு! இரண்டும் ஒரே காம்பவுண்டுக்குள் ஓடுகின்றன.

அப்புறம் அந்த 1600 மணி நேரம். ஆண்டுக்கு இவ்வளவு ஓடும் என்று வைத்துக்கொண்டு யூனிட் கணக்குப் போடுகிறீர்கள். இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜூனில் இறங்கியதும் ஏசியை மூடி வைப்போம். ஓட்டமெல்லாம் பங்குனி, சித்திரையில். எங்களுக்கு பில்லும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டினால் 101-லிருந்து 200 வரைக்கான சலுகை விலையும் கைவிட்டுப் போகும். வருடக் கணக்கை ஆறால் வகுத்து நம்பியவருக்கு மே மாத பில் வந்ததும் ஏசி இல்லாமலே குளிர் எடுக்கும்.

கீசரில் கூத்து வேறு. "மூணு கிலோவாட் வேண்டாமுங்ண்ணா, கரண்ட் ஜாஸ்தி. ரெண்டு எடுங்க" என்றார் அதே விற்பனைத் தம்பி. பதினைந்து லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்குச் சுட வைக்க எதுவானாலும் 0.61 யூனிட்தான். இரண்டு கிலோவாட்டுக்கு 18 நிமிடம், மூன்றுக்கு 12. கிலோவாட் வேகம், யூனிட் அளவு. இந்த ஒரு வரியை லேபிளில் அச்சிட்டிருந்தால் தம்பிக்கு வாயே திறக்க வந்திருக்காது. நீங்களோ சுட வைக்கும் செலவை விட்டுவிட்டு, சும்மா நிற்கும்போது எவ்வளவு சூடு கசிகிறது என்பதற்கு நட்சத்திரம் தருகிறீர்கள்.

ஆகவே தாழ்மையுடன் கோருவது: லேபிளில் 'இழுப்பது' இத்தனை வாட், 'தள்ளுவது' இத்தனை வாட் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், தமிழிலும், கண்ணாடி போடாமல் தெரியும் அளவில் எழுதுங்கள். மணிக்கணக்கு யூனிட்டை முழு வேகத்துக்குச் சொல்லிவிடுங்கள். பெருக்குவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். டன் என்று விற்பவர் 3517-ஐ முழுசாகக் கொடுக்கட்டும்.

முடியாதென்றால் கொங்கு அளவையையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். ஏசிக்கு வள்ளம், பாய்லருக்குப் பொதி.

இப்படிக்கு,
கோயமுத்தூரிலிருந்து ஒரு மின்நுகர்வோர்

பி.கு.: கீசர் கசிவுக்கு நீங்கள் வைத்திருக்கும் அலகு: 24 மணி நேரத்துக்கு, 45 டிகிரி வித்தியாசத்தில், இத்தனை கிலோவாட்-மணி. மணியால் பெருக்கிவிட்டு மறுபடி மணியாலேயே வகுக்கிறீர்கள். 0.48 என்று போட்டிருந்தால் அது 20 வாட். '20 வாட்' என்று எழுத இடம் பத்தவில்லை என்றால் ஒரு நட்சத்திரத்தை எடுத்துவிடலாமுங்க.