பாம் ஷெல்டருக்குள்ளே வைஃபை

வா மாப்ளே, உக்காரு. சிம் லிம் ஸ்குவேர்ல மாடி மாடியா ஏறி எறங்கி, எட்டுக் கொம்பு வச்ச ரவுட்டர் வாங்கியாந்திருக்கியாமே. நல்லது. அதைக் கொண்டுபோய் எங்க வச்சே? பாம் ஷெல்டருக்குள்ள, அரிசி மூட்டைக்குப் பின்னாடி! ஹால்ல வச்சா அசிங்கமா இருக்குன்னு வீட்டுக்காரி சொன்னாளாம். அவ என்னிக்கு நீ சொன்னதைக் கேட்டா, இல்ல நீதான் அவ சொன்னதை என்னிக்குத் தட்டினே?

குண்டு விழுந்தாலும் உசுரு தப்பணும்னு 1997ல சட்டமே போட்டு, கம்பியைப் பின்னி, காங்கிரீட்டை ஊத்தி, இரும்புக் கதவும் மாட்டிக் குடுத்த ரூம் அது. குண்டையே உள்ள விடாத சுவரு, உன் வைஃபையை மட்டும் வெளியில விட்டுடுமா? நாயனக்காரரைப் பத்தாயத்துக்குள்ள பூட்டிட்டு, பந்தல்ல சத்தம் கேக்கலேன்னு சண்டைக்கு நிக்கிறே. இப்ப பத்து ஜிகா பிளானுக்கு மாறப்போறேன்னு வேற சொல்றே. மாறு, மாறு. கம்பெனிக்காரனும் புள்ளகுட்டிக்காரன்தானே.

1995லயே நம்ம நா. கோவிந்தசாமி வாத்தியார் சிங்கப்பூர்க் கவிதையைத் தமிழ் எழுத்துலேயே இணையத்துல ஏத்திக் காட்டினாரு. கீச்சு கீச்சுன்னு மோடம் கத்துற காலம் அது. உனக்கு சீரியல் ரெண்டு நொடி நின்னா ரத்தக்கொதிப்பு!

அந்த ரவுட்டரை எடுத்து ஹால்ல, நெஞ்சு உயரத்துல வை. மீன்தொட்டிக்குப் பின்னாடி வேணாம், தண்ணி அலையைக் குடிச்சுடும். ஃபைபர் பொட்டி வாசப்பக்கம்தான் இருக்குன்னா, ஓரமா ஒரு லேன் ஒயரை இழுத்துக்க. ஒயர் இழுத்தா வயர்லெஸ் கௌரவம் போயிடுமேன்னு பாக்காதே.

ரவுட்டர்ல 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசை இருக்கும். 2.4 சுவத்தைத் தாண்டிப் போகும், வேகம் கம்மி. 5 வேகமா ஓடும், ரெண்டு சுவரு குறுக்க வந்தா மூச்சு வாங்கும். லேப்டாப்பை 5ல விடு. 2.4ல ஒண்ணோட ஒண்ணு இடிக்காத சேனல் 1, 6, 11 மூணுதான். உன் புளோக்ல இருக்கிற அத்தனை வீடும் அந்த மூணுலதான் முட்டிக்கிட்டு நிக்குது. போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4தான். நீ பரோட்டாவைச் சூடு பண்றப்பல்லாம் மாமியாரோட வீடியோ கால் அறுந்துபோறது தற்செயல்னு நான் நம்புறேன் மாப்ளே. அவங்க நம்புவாங்களான்னுதான் தெரியல.

பாஸ்வேர்டு என்ன, புள்ள பேரும் பொறந்த வருசமுமா? கீழ்வீட்டுப் பையன் இந்நேரம் ரெண்டு படம் எறக்கியிருப்பான். மாத்து. டபிள்யூபிஏ3 இருந்தா அதைப் போடு, பழைய மெஷின் மல்லுக்கட்டினா டபிள்யூபிஏ2. ரவுட்டருக்குள்ள நுழையுற பாஸ்வேர்டு தனி. அது 'அட்மின்'னே கெடந்தா, அதையும் மாத்து.

தேக்கா பக்கம் வந்துட்டா நீ இன்னும் தாராளம். ஓசி வைஃபை எங்க கண்டாலும் ஒட்டிக்குவே. அரசாங்கத்தோட வயர்லெஸ்@எஸ்ஜி 2006 டிசம்பர்ல வந்தப்ப வேகம் 512 கிலோபிட். 2016ல 5 மெகாபிட் ஆக்கினாங்க. அதுலயே வாலு சேத்த வயர்லெஸ்@எஸ்ஜிஎக்ஸ்னு இருக்கு பாரு, பூட்டுப் போட்டது, அதுல போ. மத்தபடி சிராங்கூன் ரோட்டுல 'ஃப்ரீ வைஃபை'ன்னு பேரு வச்சுக்கிட்டு எவன் வேணாலும் கடை போடலாம். அதுல நொழைஞ்சு பேங்க் கணக்கைத் திறக்காதே.

இனிமேதான் முக்கியமான சங்கதி. கடைக் கணக்கு, பாஸ்போர்ட் நகல் எல்லாம் மேகத்துல இருக்குன்னு நெஞ்சை நிமித்துறியே, ஒன்டிரைவ்ல அந்த ஃபைலுக்குப் பக்கத்துல என்ன படம் இருக்குன்னு பாத்தியா? மேகம் போட்டிருந்தா உன் மெஷின்ல பேரு மட்டுந்தான், சரக்கு இல்ல. நெட் போனா திறக்கவே முடியாது. வெள்ளையா வட்டம், அதுல பச்சை டிக்னா இப்போதைக்கு இருக்கு, எடம் பத்தலேன்னா திரும்ப மேலே போயிடும். முழுப் பச்சை வட்டத்துல வெள்ளை டிக் விழுந்தாத்தான் உன் கையில இருக்கு. ரைட் கிளிக் பண்ணி, 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்'ங்கிறதை அமுக்கு.

ஆபீஸ் சர்வர் ஃபோல்டருக்கும் இந்த வசதி விண்டோஸ் 2000 காலத்துலேர்ந்து இருக்கு, ஆஃப்லைன் ஃபைல்ஸ்னு பேரு. ஹோம் எடிஷன்ல கெடையாது, ப்ரோ வேணும். நெட் இல்லாதப்ப நீ திருத்தி வைக்கலாம், வந்ததும் தானா சேத்துக்கும். அதே கணக்கை அங்க உன் பங்காளியும் திருத்தியிருந்தா, எது வேணும்னு உன்னையே கேக்கும். பஞ்சாயத்தெல்லாம் கம்ப்யூட்டர் பண்ணாது.

இதையும் காப்புன்னு நெனச்சுடாதே. இங்க அழிச்சா அங்கயும் அழியும். தனியா ஒரு ஹார்ட் டிஸ்க்ல நகல் எடுத்து வை. முஸ்தபாவுல மூணு பெட்டி சாமான் வாங்குறவனுக்கு ஒரு டிஸ்க்கா பாரம்?

திருச்சிக்கு ஃபிளைட் ஏறுறதுக்கு முந்தின ராத்திரி, வைஃபையை அணைச்சுட்டு அந்த ஃபைலைத் திறந்து பாரு. திறந்தா சரி. பாக்காமயே ஏறிட்டு, நடுவானத்துல திறக்கலேன்னா என்னைத் திட்டாதே. அங்கேருந்து எனக்குப் போன் போடவும் முடியாது உனக்கு.