கை எட்டும் கோடு: கூடத்து அலங்காரம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

கை எட்டும் கோடு என்பது, நடை பழகும் பிள்ளை உள்ள வீட்டில், அப்பிள்ளை நுனிக்காலில் நின்று கையை உயர்த்தினால் விரல் தொடும் உயரத்தில், சுவர் நெடுகக் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் எல்லை. அந்த வீட்டின் அலங்காரப் பொருட்கள் ஒன்று இக்கோட்டுக்கு மேலே இருக்கும், அல்லது கொஞ்ச நாளில் இல்லாமல் போகும். பூஞ்சாடி, மணிபிளான்ட் வைத்த கண்ணாடிக் குடுவை, கல்யாணப் போட்டோ, தாத்தாவின் மூக்குக் கண்ணாடி எல்லாம் மாதத்துக்கு மாதம் மேல்தட்டுக்குக் குடிபெயர்வது இதனால்தான். கீழே வெட்டவெளியும் மேலே நெரிசலுமாக ஒரு கூடம் காட்சியளித்தால், அங்குள்ள பிள்ளையின் வயதைக் கேட்காமலே சொல்லிவிடலாம்.

இக்கோட்டுக்கு இரண்டு திருத்தங்கள் உண்டு. முதலாவது முக்காலித் திருத்தம். இழுத்து நகர்த்த முடிந்த எப்பொருளும் தன் உயரத்தின் அளவுக்குக் கோட்டை உயர்த்தும். பிளாஸ்டிக் ஸ்டூல், கவிழ்த்த வாளி, அடுக்கிய தலையணை, குனிந்து எதையோ தேடும் பாட்டியின் முதுகு ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது விரிப்புத் திருத்தம். மேசை விரிப்பின் தொங்கல் கைக்கு எட்டினால், மேசைமேல் உள்ள யாவும் எட்டியதாகவே கொள்ள வேண்டும். சூடான காபி உட்பட.

இத்துறையின் மூலநூல்களாகப் பிள்ளைத்தமிழ் இலக்கியங்களைக் கருத இடமுண்டு. குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்த அந்நூல்கள், ஒவ்வொரு பருவத்திலும் வீட்டுக்கு நேரக்கூடியதை மறைமுகமாக உணர்த்துகின்றன. 5-ஆம் மாதத்துச் செங்கீரையில் பிள்ளை தலையை நிமிர்த்தி ஆடுகிறது, அலங்காரத்துக்கு ஆபத்தில்லை. 9-ஆம் மாதத்துச் சப்பாணியில் கை கொட்டுகிறது. கொட்டும் கைக்குப் பிடிக்கவும் தெரியும் என்பதால் விரிப்புத் திருத்தம் இங்கே தொடங்குகிறது. அம்புலிப் பருவத்தில் எட்டாத நிலவைக் கேட்கிறது. இக்காலத்தில் நிலவின் இடம் டிவி ரிமோட்டுக்குப் போய்விட்டது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைக்காதே என்று பாட்டுடைத் தலைவனைக் கெஞ்சுவதற்கென்றே ஒரு பருவம் ஒதுக்கிய இலக்கிய மரபுக்கு, வீட்டு அலங்காரத்தின் ஆயுள் பற்றி எந்த மயக்கமும் இருந்திருக்க முடியாது.

இன்னும் பழைய சான்று பட்டினப்பாலையில் கிடைக்கிறது. காயும் தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்ட ஒருத்தி காதுக் குழையைக் கழற்றி எறிய, அது கீழே கிடந்து, சிறுவர் உருட்டிவரும் மூன்று கால் சிறுதேரை மறிக்கிறது. உரையாசிரியர்கள் இதில் காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் செழிப்பைக் கண்டார்கள். தரையில் கிடக்கும் விலையுயர்ந்த பொருளும் பிள்ளையின் வண்டியும் முட்டிக்கொண்ட பதிவு இது என்பதையும் கவனித்திருக்கலாம்.

கோட்டைச் சமாளிப்பதில் இரு கட்சிகள் உள்ளன. அகற்றல் கட்சியின் தலைமை பெரும்பாலும் பாட்டியிடம் இருக்கும். எல்லாவற்றையும் தூக்கிப் பரணில் போடு என்பதே அதன் கொள்கை. வாங்கல் கட்சியில் இளம் பெற்றோர் இருப்பார்கள். சாமான் சிதறுகிறது என்றால் சாமான் போடும் கூடை வாங்குவதும், கூடை கவிழ்ந்தால் மூடி போட்ட கூடை வாங்குவதும் அவர்கள் வழி. இக்கட்சியின் வீடுகளில் பழுப்பும் வெளிர்சாம்பலுமான நிறங்களில் எல்லாமே பொருந்தி அமைந்திருக்கும், சோபாவில் ரசம் சாதம் படும் வரை. பின்பு சோபாவுக்கு உறை வரும், உறைமேல் பழைய போர்வை வரும். வாங்கிய நிறத்தைக் காண வேண்டுமானால் விருந்தாளியாகத்தான் வரவேண்டும்.

பழைய வீடுகளில் சுவரிலேயே பதித்த கண்ணாடி ஷோகேஸ் இருந்தது. தாஜ்மகால், பள்ளிக்கூடக் கோப்பைகள், பீங்கான் நாய்க்குட்டி எல்லாம் பூட்டுக்குள். ரசனை குறைவு என்று உள்ளலங்கார நிபுணர்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள். அதற்கு மாற்றாக வந்த திறந்த தட்டுகள் கதவும் பூட்டும் இல்லாத ஷோகேஸ்களே. அந்தக் கண்ணாடிக்குள் நின்ற தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கு மட்டும் பூட்டு தேவைப்படவில்லை. உருண்ட கனமான அடிப்பாகத்தால், தள்ளினாலும் தானே எழுந்து நிற்கும்படி செய்த அலங்காரப் பொருள் வேறு எதுவும் வீட்டில் இல்லை.

கொலு நாட்களில் கோடு செல்லுபடியாகாது. ஒற்றைப்படை எண்ணிக்கையில் படி கட்டி, அதில் மண்பொம்மைகளை அடுக்கி, அறைக்குள் ஒரு பிள்ளையையும் விடும் ஏற்பாடு வேறெந்த அலங்கார மரபிலும் இருப்பதாகத் தெரியவில்லை. கீழ்ப்படியில் கடை விரித்திருக்கும் செட்டியாரின் மூக்கு முதலில் போகும்.

சுவர் தனி ஆய்வுக்கு உரியது. கிரையான் மெழுகில் நிறம் கலந்து செய்வது. மெழுகு தண்ணீரை ஏற்காது; ஆகையால் ஈரத்துணி எதையும் அழிக்காமல் படத்தைப் பெரிதாக்கும். சொந்த வீட்டில் இது ஓவியம் எனப்படும். வாடகை வீட்டில் அட்வான்ஸில் பிடித்தம் எனப்படும்.

சாதனங்களுக்கு வரலாம். மூலைக் காப்பு ரப்பர்கள் மேசை விளிம்பில் இருப்பதைவிடப் பிள்ளையின் வாயில் இருப்பதே அதிகம். தள்ளுவண்டி நடைபாதை உள்ள ஊர்களை நினைத்துச் செய்தது. நம் தெருக்களில் அது வீட்டுக்குள்ளேயே நின்று துவைத்த துணியைச் சுமக்கிறது. தூளிக்கு ஒரு கொக்கியும் பழைய நூல்சேலையும் போதும். சேலை மாறும்போதெல்லாம் கூடத்தின் நிறமும் மாறுவது, வாங்கல் கட்சி விலை கொடுத்தும் பெறாத வசதி. 1972-இல் நார்வே வடிவமைப்பாளர் பீட்டர் ஓப்ஸ்விக் உருவாக்கிய டிரிப் டிராப் நாற்காலி கோட்டோடு சண்டை போடவில்லை. இருக்கையையும் கால்பலகையையும் பிள்ளை வளர வளர வேறு பள்ளத்தில் செருகிக்கொள்ளலாம்; கோட்டைச் சட்டப்படி உயர்த்தி, பிள்ளையைப் பெரியவர்களின் மேசைக்கே கொண்டுவந்துவிடுகிறது.

முக்காலித் திருத்தத்தின் கொடிய வடிவம் இழுப்பறை அலமாரி. இழுத்த அறைகள் படிகளாகும். பிள்ளை ஏறும்போது அலமாரி முன்னால் சாயும். குழந்தைகள் இறந்த பிறகு, 2016-இல் ஐகியா நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சுவரோடு பிணைக்காத அலமாரி எவ்வளவு அழகானாலும் பிள்ளை உள்ள வீட்டுக்கு ஆகாது. கண்ணாடிக் கிண்ணத்தில் கொட்டி வைக்கும் அலங்காரக் குழாங்கற்களும் அப்படியே. 3 வயதுக்கு உட்பட்டோரின் பொம்மையில் சிறு பாகங்களைச் சோதிக்கும் உருளையின் விட்டம் சுமார் 32 மில்லிமீட்டர். அதற்குள் முழுதும் அடங்கும் எதுவும் தொண்டைக்குள்ளும் அடங்கும்.

கடைசியாக நடைக் கருவிகள். மர நடைவண்டியில் பிள்ளை தன் காலில் நின்று தள்ளுகிறது. விழுந்தால் வண்டியும் நிற்கும். இருக்கை வைத்த வாக்கரில் பிள்ளை உட்கார்ந்தபடி விரைகிறது. அது கோட்டை உயர்த்துவதில்லை, கோட்டுக்குச் சக்கரம் கட்டிவிடுகிறது. படிக்கட்டையும் அடுப்பையும் பெரியவர்கள் எழுந்திருக்கும் முன்பே அடைந்துவிடுகிறது. கனடா 2004-இல் இதன் விற்பனை, இறக்குமதி, விளம்பரம் மூன்றையும் தடை செய்தது. பயன் முடிந்த நடைவண்டியும் நாற்காலியும் அடுத்த பிள்ளைக்காகப் பரண் ஏறலாம், உறவினர் வீட்டுக்கும் போகலாம். வாக்கரை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் காயலான் கடையில் போட்டுவிடுங்கள்.