ஆற்றில் இட்டு ஆரூரில் எடுத்தல்: வி-லுக்அப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஒரு பட்டியலில் தேடி அதற்குரிய மதிப்பை எடுத்துத் தரும் ஃபார்முலாவான லுக்அப், உலகில் முதன்முதலில் 1979இல் அமெரிக்காவில் பிறந்தது என்பது கணினிக்காரர்கள் கொள்கை. டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் மென்பொருளில் அது இருந்தது என்பார்கள். இக்கட்டுரை அதை மறுக்கிறது. இடம் விருத்தாசலம்; காலம் சுந்தரர் காலம்.

சான்று பெரியபுராணத்திலேயே இருக்கிறது. அன்று திருமுதுகுன்றம் எனப்பட்ட இவ்வூரில் இறைவன் தந்த 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டார் சுந்தரர். திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார். ஒரு ஷீட்டில் போட்டது இன்னொரு ஷீட்டில் வருவதற்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் கிடைக்காது. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவதாவது என்று சிரிப்பவர்கள் ஃபார்முலா தெரியாதவர்கள் எனக் கொள்க.

போடுமுன் அவர் ஒரு காரியம் செய்தார். பொன்னில் கொஞ்சம் வெட்டி ‘மச்சம்’ என்னும் மாதிரியாக வைத்துக்கொண்டார். குளத்தில் கிடைத்த பொன்னை அதனோடு ஒப்பிட்டபோது முதலில் மாற்றுக் குறைந்திருந்தது. பதிகம் பாடிய பின்பே சரியானது. உரைத்துப் பார்த்த பிள்ளையார் ஆரூரில் மாற்றுரைத்த விநாயகராக இன்றும் இருக்கிறார்.

இப்போது பொன் இல்லை, பீங்கான். நெய்வேலிச் சுரங்கப் பக்கத்துக் களிமண் இவ்வூர்ச் சூளைகளில் அகல் விளக்காகவும் கொலு பொம்மையாகவும் ஊறுகாய் ஜாடியாகவும் வெந்து வருகிறது. கார்த்திகைக்கு முன் ஒரு வியாபாரி 5,000 அகல் கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வி-லுக்அப் போட்ட ஆர்டர் ஷீட்டில் ‘அகல்-2’ என்று அடித்தால் அளவு, பெட்டிக்கு எத்தனை, விலை மூன்றும் விலைப்பட்டியலிலிருந்து தாமே வந்து உட்கார வேண்டும். உட்காராது. பட்டியலில் ‘அகல்-2’க்குப் பின்னால் யாரோ ஒரு ஸ்பேஸ் தட்டியிருப்பார். கண்ணுக்குத் தெரியாத அந்த வெற்றிடம் போதும், ‘கிடைக்கவில்லை’ எனும் பொருளில் என்.ஏ. என்று ஃபார்முலா முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ‘ட்ரிம்’ போட்டுத் துடைக்க வேண்டும். 101 என்ற குறியீடு ஓரிடத்தில் எண்ணாகவும் ஓரிடத்தில் எழுத்தாகவும் கிடந்தாலும் இதே கதிதான்.

என்.ஏ. யோக்கியமான பிழை, வாயைத் திறந்து சொல்லிவிடுகிறது. சொல்லாத பிழைதான் கொடியது. ஃபார்முலாவின் நான்காம் இடத்தில் ‘ஃபால்ஸ்’ போட மறந்தால், சரியாகப் பொருந்துவதை விட்டுக் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துக்கொடுக்கும். வருமான வரி அடுக்குகளுக்கு அது சரி. குறியீடுகள் வரிசை மாறிக் கிடக்கும் பட்டியலில் அகலுக்கு ஜாடி விலை விழும், பில்லும் போய்விடும்.

வி-லுக்அப் தேடும் நெடுவரிசைக்கு இடப்பக்கம் திரும்பாது என்று, இண்டெக்ஸ், மேட்ச் இரண்டையும் சேர்த்துப் போடும் சாரார் நெடுநாள் வழக்காடினர். 2019இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்-லுக்அப்பை அறிவித்தது. அது இருபுறமும் பார்க்கும், சொல்லாமலே சரியான பொருத்தத்தைத் தேடும். வழக்கு முடிந்தது. பழைய எக்செல் வைத்திருப்பவர்களுக்கு முடியவில்லை.

ஊர்ப் பெயரைத் தேடுசாவியாக வைப்பதையும் ஆய்வாளர் ஏற்பதில்லை. விருத்தாசலம், விருத்தாச்சலம், விருதாச்சலம் எனப் போர்டுக்கு ஓர் எழுத்து. போதாக்குறைக்கு, எழுத்தாளர் புதுமைப்பித்தனின் இயற்பெயரும் சொ. விருத்தாசலம்.

கார்த்திகை ஆர்டர் ஷீட் போடுகிறவர்கள், பில் அடிக்குமுன் நாலைந்து வரியையாவது விலைப்பட்டியலோடு கையால் ஒத்துப் பார்த்துவிடுங்கள். மச்சம் வெட்டாமல் சுந்தரரே பொன்னை ஆற்றில் விடவில்லை.