கண்ணை மட்டும் விட்டுட்டு

என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று அப்பா வாத்தியாருக்கு எழுதாத அதிகாரப் பத்திரம் ஒன்று கொடுத்தார்: “கண்ணை மட்டும் விட்டுட்டு மீதித் தோலை உரிச்சிடுங்க சார்.” கண்ணுக்கு விலக்கு அளித்த கருணைக்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன். வாத்தியாரும் வாக்குத் தவறாதவர். பிரம்பு ஒடிந்தால் புளிய விளார். அதைப் பறித்துவரப் போகிறவன், அடி வாங்கப் போகிறவனேதான். மெலிசாகப் பறித்தால் சுரீரென்று இழுக்கும். தடியாகப் பறித்தால் எலும்பு வரை போகும். பதினாறாம் வாய்ப்பாட்டைவிட இந்தக் கணக்கு எங்களுக்கு நன்றாக வந்தது.

வீட்டில் சொன்னால், “சார் சும்மா அடிப்பாரா?” என்று இன்னும் இரண்டு விழும். அதனால் சொல்ல மாட்டோம். எங்கள் ‘ஒழுக்கம்’ என்று பெரியவர்கள் மெச்சியது பெரும்பாலும் இந்தச் சொல்லாமையைத்தான். திண்ணைப் பள்ளிக் காலத்தில் உத்தரத்துக் கயிற்றில் பையனைத் தொங்கவிட்டு அதைக் கோதண்டம் என்பார்களாம். அதோடு ஒப்பிட்டால் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பிறகு காலம் மாறியது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியையும் மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்தது. நடைமுறைக்கு வந்த நாள் 2010 ஏப்ரல் 1. தேதியைப் பார்த்துச் சில வாத்தியார்கள் விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள் போலும். எங்களுக்குத் தண்டனையாகக் கிடைத்த தோப்புக்கரணமோ ‘சூப்பர் பிரெயின் யோகா’ ஆகிவிட்டது. நாங்கள் போட்டதற்கு மூளை எங்கே என்று கேட்காதீர்கள்.

இப்போது என் மகன் தன் மகனிடம் பேசுவதைக் கேட்டால், எல்லைத் தகராறில் தூதர்கள் பேசுவது போலிருக்கும். “இன்னும் அஞ்சு நிமிஷம், சரியா கண்ணா? அப்புறம் அப்பாகிட்ட போனைக் கொடுத்துடணும்.” அந்த அஞ்சு நிமிஷம் பலமுறை பிறக்கும். கடைசியில் குரல் உயரும், போன் பிடுங்கப்படும், வீறிடல் கேட்கும், போன் திரும்பிவிடும். பையன் கற்றது ஒன்றே: எவ்வளவு நேரம் கத்த வேண்டும் என்பது.

அடி, பேரம் இரண்டும் இல்லாத ஒருத்தியை எனக்குத் தெரியும். அப்பத்தா. கிட்டிப்புள்ளில் நான் பக்கத்து வீட்டு ஓட்டை உடைத்தபோது, கையை ஓங்கிய அப்பாவிடம் கேட்டாள்: “ஏண்டா, அவனை அடிச்சா ஓடு ஒட்டிக்கிருமா?” என்னைக் கூட்டிப் போனாள். “நீயே சொல்லு” என்று வாசலில் நிறுத்தினாள். எனக்காக அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பற்றியும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொத்தனாருக்கு ஓடு எடுத்துக் கொடுத்தது நான்தான். நாட்டு ஓட்டின் கனம் அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அந்தக் காலத்தில் அடிக்காத வீடுகூட இருந்தது. சொல்லிக் காட்டாத வீடு அபூர்வம்.

போன மாதம் பேரன் கூடத்துச் சுவர் முழுக்க ஸ்கெட்ச் பேனாவால் ரயில் விட்டிருந்தான். நல்ல ரயில், பெட்டிகள்கூடச் சரியான அளவு. வாளியும் ஈரத்துணியும் கொண்டுவந்து வைத்து, “ரயில் நல்லா இருக்கு. சுவரைத் துடைச்சிடு, பேப்பர் தர்றேன்” என்றேன்.

“அவன் மனசு நோகாதா மாமா?” என்றாள் மருமகள்.

மகன் குதூகலமாக வந்தான். “அப்பா, இதுக்குப் பேரு லாஜிக்கல் கான்சிக்வென்ஸ். ருடால்ஃப் டிரைக்கர்ஸ்னு ஒருத்தர் 1968-லேயே புத்தகம் போட்டிருக்கார். அதாவது, தப்புக்கும் விளைவுக்கும் ஒரு தொடர்பு…”

பேரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அப்பா, தள்ளி நில்லுங்க. வெளிச்சம் மறைக்குது.”