ஏர்போர்ஸ் மாமா

கடலூர்ப் பக்கத்தில் படையிலிருந்து ஓய்வுபெற்று வந்த எல்லாருக்கும் 'மிலிட்டரிக்காரர்' என்று ஒரே பெயர்தான். எல்லையில் துப்பாக்கி பிடித்தவரும் மிலிட்டரி, முகாமில் சப்பாத்தி போட்டவரும் மிலிட்டரி, கப்பலில் உலகம் சுற்றியவரும் மிலிட்டரி. இதை ஒப்புக்கொள்ளாத ஒரே ஒரு வகையினர் உண்டு. "மிலிட்டரி இல்லப்பா, ஏர்போர்ஸ்" என்பார்கள். சரி என்று நாம் நகர்ந்தாலும் விடமாட்டார்கள். பின்னாலேயே நாலடி வந்து, "அதுலயும் ஹெலிகாப்டர்" என்று முடித்துவிட்டுத்தான் திரும்புவார்கள்.

திருவந்திபுரத்தில் இருப்பவரை ஊரே மாமா என்கிறது. பண்ருட்டியிலும் நெல்லிக்குப்பத்திலும் சிதம்பரத்திலும் இவருடைய அச்சுகள் உண்டு. ஆனால் எங்கள் மாமாவுக்கு அமைந்த இடம் மற்றவர்களுக்கு அமையவில்லை. தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே ஔஷதகிரி. அதன் மேலே கல்விக்கு அதிபதியான ஹயக்ரீவர். பொதுத்தேர்வு நெருங்கினால் மாவட்டத்துப் பிள்ளைகளெல்லாம் பேனாவும் ஹால் டிக்கெட்டுமாகப் படியேறும். சாமி காலடியில் வைத்த பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு இறங்கிவரும் ப்ளஸ் டூ பையனுக்கு அடிவாரத்தில் இன்னொரு சன்னதி காத்திருக்கும்.

"தம்பி, கணக்கும் ஃபிசிக்ஸும் இருக்குதா? இங்கிலீஷ்ல அம்பது வருமா? கண்ணாடி போடுவியா? இன்னா உயரம்?"

பையன் பதில் சொல்வதற்குள் அவன் அப்பாவுக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும். சம்பளம், ரேஷன், கேன்டீன் என்று மாமா அடுக்க ஆரம்பித்தால் மீதியும் வந்துவிடும். கேன்டீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் மாமாவுக்கு இருக்கிற மரியாதையில் பாதி ஹெலிகாப்டரால் வந்தது. மீதி அவருடைய கேன்டீன் கார்டால் வந்தது. குக்கர், ஃபேன், சோப்பு வேண்டுபவர்கள் பகலில் வருவார்கள். வேறு சரக்கு வேண்டுபவர்கள் இருட்டிய பிறகு, "மாமா, இந்த ஹெலிகாப்டர் எப்படித்தான் பறக்குது?" என்று சந்தேகம் கேட்டுக்கொண்டு வருவார்கள்.

பறப்பது சம்பந்தப்பட்ட எதுவும் அவர் ஆய்வுக்குத் தப்பாது. ஸ்தல புராணமும் அதில் அடக்கம். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது பிய்ந்து விழுந்த துண்டுதான் ஔஷதகிரி என்பார்கள். கேட்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மாமாவோ, "லோடு சரியாக் கட்டல. அதான் விழுந்துச்சு" என்பார். "எங்க எம்.ஐ.-26 இருவது டன்னு தூக்கும். அதுலேர்ந்து ஒரு கூழாங்கல்லு விழுந்திருந்தாக்கூட மறுநாளே விசாரணை." கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "அது விழலேன்னா நீ நிக்கறதுக்கு மலையே ஏது?" என்று கேட்டதிலிருந்து இந்த வழக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

கருடன் விஷயத்தில் மட்டும் மாமா மனம் நெகிழ்ந்துவிடுவார். பெருமாளுக்குத் தாகம் எடுத்தது, கருடனையும் ஆதிசேஷனையும் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், கருடன் வரத் தாமதமாயிற்று, அதற்குள் ஆதிசேஷன் பூமியை அடித்துத் தீர்த்தத்தை வரவழைத்துவிட்டார் என்று கதை. அந்தத் தீர்த்தம்தான் கோயிலுக்குள் இருக்கிற சேஷ தீர்த்தக் கிணறு. பிந்தி வந்த கருடன் கொண்டுவந்தது கருட நதியாகி, பிறகு கெடிலமாயிற்று. "லேட்டு, லேட்டுன்னா எப்படி?" என்று கருடனுக்காக மாமா வாதாடுவார். "கெளம்பறதுக்கு முந்தி இன்ஸ்பெக்ஷன்னு ஒண்ணு இருக்குதில்ல? ஆதிசேஷனுக்கு இன்னா, தரையில கெடக்கறவரு." விமானப்படையில் ஃபிட்டராக இருபது வருஷமும் தரையில் நின்றே வேலை பார்த்தவர் வாயிலிருந்து இது வருகிறதே என்று யாரும் எடுத்துச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு கதை வரும்.

திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் கோயிலிலும் சுற்றியுள்ள மண்டபங்களிலும் கல்யாணம் மேல் கல்யாணம். பத்திரிகை வந்தாலும் வராவிட்டாலும் மாமா இரண்டு மூன்றில் தலைகாட்டுவார். பந்தியில் உட்காருமுன் மேலே பார்ப்பார். மண்டபத்து மின்விசிறி எதுவும் அவருக்குத் திருப்தி தந்ததில்லை. "ட்ராக்கிங் போயிடுச்சு" என்பார். இதில் விஷயம் இருக்கிறது. ஹெலிகாப்டரின் இறக்கைகள் எல்லாமே ஒரே தளத்தில் சுழல வேண்டும். எம்.ஐ.-17க்கு ஐந்து இறக்கைகள். ஒரு முனையிலிருந்து எதிர் முனைக்கு 21 மீட்டருக்கு மேல். அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ சுற்றினால் முழு இயந்திரமும் உதறும். உதறினால் நட்டும் போல்ட்டும் மெல்ல மெல்லக் கழன்றுகொள்ளும். இதைக் கண்டுபிடிக்க மின்னணுக் கருவிகள் வருவதற்கு முன்னால் ஒரு வழி இருந்தது. இறக்கை நுனிகளில் ஆளுக்கொரு நிறமாகத் தடவி, சுழலவிட்டு, துணி கட்டிய கம்பத்தை அங்குலம் அங்குலமாகச் சாய்த்து அருகே கொண்டுபோவார்கள். நுனிகள் துணியைத் தொட்டுவிட்டுப் போகும். எல்லா நிறமும் ஒரே இடத்தில் விழுந்தால் சரி. ஒரு கோடு விலகினால் அந்த நிறத்து இறக்கைதான் குற்றவாளி.

இதை மாமா வாயால் சொல்லிக்கொண்டிருந்தவரை ஆபத்தில்லை. ஒரு வைகாசி முகூர்த்தத்தில், மணமேடைக்கு நேர் மேலே ஆடிக்கொண்டிருந்த விசிறியைக் காட்டி, "இது மாப்பிள்ளை தலையில விழுந்தா யாரு பொறுப்பு?" என்று கேட்டுப் பெண்ணின் தாய்மாமனைக் கலங்கடித்துவிட்டார். விசிறியை நிறுத்தினார்கள். மாமா நாற்காலி மேல் ஏறி ஒரு இறக்கையில் சந்தனம், ஒன்றில் குங்குமம், ஒன்றில் மஞ்சள் என்று குழைத்துத் தடவினார். தன் துண்டை ஒரு கம்பில் கட்டிக்கொண்டு, "சுவிட்சைப் போடு, மெதுவா" என்றார். மண்டபத்து ரெகுலேட்டர்களுக்கு மெதுவா என்பது தெரியாது. அன்றைக்கு மாப்பிள்ளையின் பட்டுச் சட்டை, வீடியோக்காரரின் கேமரா, முன்வரிசையில் இருந்த சம்பந்தி வீட்டார் என்று அனைவருக்கும் மங்கலப் பொருள்கள் சமமாகச் சென்று சேர்ந்தன. துண்டை விரித்துப் பார்த்த மாமா, கூட்டம் கத்துவதையெல்லாம் காதில் வாங்காமல், "பாத்தியா, குங்குமம்தான் விலகி நிக்குது!" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த இறக்கையின் திருகு ஒன்று தளர்ந்திருந்தது.

வீட்டில் நிலைமை இன்னும் தீவிரம். வாசல் கேட்டு, தண்ணீர்க் குழாய், சைக்கிள் பெடல், பூஜை அறை மணி என்று நட்டு உள்ள எல்லாவற்றையும் மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டியிருப்பார். 'லாக் வயர்' என்று பெயர். நட்டு கழல நினைத்தால் கம்பி அதை இறுகும் பக்கமாகவே இழுக்கும்படி கட்ட வேண்டும். திசை மாறிக் கட்டினால் கட்டாததற்குச் சமம். குழாய் ஒழுகினால் பிளம்பர் வந்து முதல் அரைமணி நேரம் கம்பியைத்தான் வெட்டிக்கொண்டிருப்பார்.

சமையலறைச் சுவரில் ஒரு பலகை. அதில் கரண்டி, இடுக்கி, தோசைத் திருப்பி, துருவுபலகை எல்லாவற்றின் உருவமும் கறுப்பு வண்ணத்தில் வரைந்திருக்கும். அந்தந்தச் சாமான் அதனதன் நிழலில் தொங்க வேண்டும். விமானக் கொட்டகையில் ஸ்பேனர்களை வைக்கும் முறை இது. வேலை முடிந்ததும் பலகையைப் பார்த்தாலே எது குறைகிறது என்று தெரிந்துவிடும். குறைகிற ஸ்பேனர் இயந்திரத்துக்குள் விழுந்து கிடக்கலாம்; கிடைக்கும்வரை அந்த ஹெலிகாப்டர் தரையை விட்டு எழும்பக் கூடாது. ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் சாரணியின் நிழல் காலியாக இருந்தது. மாமா அடுப்பை அணைத்துவிட்டார். மாமி கையில் பிசைந்த மாவோடு நிற்க, பாத்திரம் பாத்திரமாகச் சோதனை நடந்தது. கடைசியில் அது பக்கத்து வீட்டுக்கு அதிரசம் கொண்டுபோன தூக்குக்குள் சிக்கியது. "இவரை ஏன் அந்தக் கவர்மெண்டு இருவது வருஷத்துலயே விட்டுச்சுன்னு இப்பத்தான் தெரியுது" என்றார் மாமி.

அந்த இருபது வருஷத்துக்கு மூலாதாரமான கதைக்கு வருகிறேன். மாமா எண்பதுகளில் சேர்ந்தவர். சேர்ந்தபோது அதிகாரி கேட்டாராம்: "உனக்கு எது வேணும்?" வரிசையில் இருந்த அத்தனை பேரும் போர் விமானம் என்றார்களாம். மாமா மட்டும், "ஹெலிகாப்டர் சார்" என்றாராம். அதிகாரி எழுந்து நின்று கைகொடுத்தாராம். ஏன் ஹெலிகாப்டர் என்பதற்குக் காரணங்களும் வைத்திருக்கிறார். போர் விமானம் ஏறும், இறங்கும், அதில் ஃபிட்டருக்கு இடம் கிடையாது; ஹெலிகாப்டர் போகிற இடத்துக்கு ஃபிட்டரையும் கூட்டிக்கொண்டு போகும். வெள்ளம், பனி, நிலச்சரிவு என்று நாடு அழுகிற இடத்துக்கெல்லாம் முதலில் போவது அதுதான். காரணங்களில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

குறையெல்லாம் கதையில்தான். விமானப்படையில் வீரராகச் சேருபவருக்கு என்ன தொழில் என்பதைத் தேர்வு மதிப்பெண்ணும் மருத்துவப் பரிசோதனையும் காலியிடமும் சேர்ந்து முடிவு செய்யும். தொழில் கிடைத்த பிறகும் எந்த இயந்திரத்தில் கை வைப்பது என்பது போஸ்டிங் போகிற இடத்தைப் பொறுத்தது. கேட்டு வாங்குவதற்கு அது பந்தியில் வைக்கிற வடை அல்ல. மாமாவோடு பயிற்சியில் இருந்த சிதம்பரத்துக்காரர் ஒருவர் இங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது உடைத்துவிட்டார்: பட்டியலில் பெயரைப் பார்த்த அன்று மாமா ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லையாம். "மிக்-21 கெடைக்கும்னு ஊருக்கெல்லாம் லெட்டர் போட்டுட்டேனே" என்று புலம்பினாராம்.

எனக்கு இதைப் பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. கிடைத்த வேலையில் இருபது வருஷம் தினமும் கையெழுத்துப் போட்டவர் அவர். ஒவ்வொரு வேலைக்கும் பதிவேட்டில் ஒரு கையெழுத்து. அதை நம்பித்தான் ஓட்டுபவர் ஏறுகிறார். எம்.ஐ.-8, எம்.ஐ.-17 இறக்கைகளின் உட்தண்டில் காற்றை அழுத்தி அடைத்து வைத்திருப்பார்கள். தண்டில் மயிரிழை விரிசல் விட்டாலும் காற்று குறைந்து, இறக்கையின் அடியில் உள்ள காட்டியில் சிவப்பு வளையம் தலைகாட்டும். விடிகாலையில் ஏணி போட்டு ஏறி அந்தச் சிவப்பு இல்லை என்று பார்ப்பதுதான் மாமாவின் வேலை. இல்லாத ஒன்றை இருபது வருஷம் தேடியவர், தேடச் சொன்னது யார் என்பதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிட்டுப் போகட்டுமே.

2021 டிசம்பர் 8-ஆம் தேதி சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன எம்.ஐ.-17வி5 குன்னூருக்கு அருகே விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் உடன் சென்றவர்களும் இறந்தார்கள். அன்றைக்கு டீக்கடையில், "மெஷின்ல கோளாறு" என்று ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். மாமா எதுவும் பேசவில்லை. சில வாரம் கடைப்பக்கமே வரவில்லை. ஜனவரியில் விசாரணைக் குழுவின் முதற்கட்ட முடிவு வந்தது. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி மேகத்துக்குள் நுழைந்ததால் ஓட்டியவருக்குத் திசை தடுமாறியிருக்கிறது. இயந்திரக் கோளாறு அல்ல. அந்தச் செய்தி வந்த பேப்பரை மாமா மடித்து எடுத்துக்கொண்டு போனார். கடைக்காரரும் திருப்பிக் கேட்கவில்லை.

இப்போது வருகிற பையன்கள் சுலபத்தில் மடங்குவதில்லை. அவர்கள் கையில் ஃபோன் இருக்கிறது. போன வருஷம் மலையடிவாரத்தில் மாட்டிய கே.என். பேட்டைப் பையன் ஒருவன் டீக்கடையில் உட்கார்ந்து, "மாமா, அமெரிக்கா ஆர்மில சேரும்போதே வேலைய ஒப்பந்தத்துல எழுதி வாங்கிக்கலாமாம். பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ரிப்பேருக்குன்னு 15டி-ன்னு தனி நம்பரே இருக்குது. நம்மூர்ல அப்படிக் கேக்க முடியுமா?" என்றான். மாமா, தான் கேட்டதையும் அதிகாரி எழுந்து நின்றதையும் சொன்னார். பையன் அடுத்ததைப் போட்டான்: "2022-லேர்ந்து அக்னிபத் திட்டம். நாலே வருஷம். நூத்துக்கு இருவத்தஞ்சு பேருதான் உள்ள நிப்பாங்க."

மாமாவுக்கு இது வலிக்கிற இடம். "நாலு வருஷத்துல ஸ்பேனர் சைஸே கைக்கு வராதுடா" என்று முனகினார். உடனே சுதாரித்துக்கொண்டு, வெளியே வரும்போது கிடைக்கிற பத்து லட்சத்துக்கும் மேலான சேவா நிதியைப் பற்றி விரிவாகப் பேசினார்.

"வெளிய வந்து மெக்கானிக் லைசென்ஸ் எடுக்கணும்னாலும் ப்ளேனுக்கு எடுத்தாத்தான் மாமா வேலை. ஏர்லைன்ஸ்காரங்ககிட்ட நூத்துக்கணக்குல ப்ளேன் இருக்குது. ஹெலிகாப்டர் எத்தனை இருக்குது?"

"ப்ளேனுக்கு ரன்வே வேணும், கட்டடம் வேணும், ஆயிரம் வேணும். ஹெலிகாப்டருக்கு நம்ம கெடிலத்து மணல் போதும், எறங்கிடும்!"

"கெடிலத்துல மணல் எங்க மாமா இருக்குது?"

டீக்கடை முழுக்கச் சிரித்தது. மாமாவும் சிரித்தார். ஆனாலும் அந்தப் பையனுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்ததும், விடியற்காலை கடலூர் சில்வர் பீச்சில் ஓடவிட்டு ஸ்டாப்வாட்ச் பிடித்ததும் அவர்தான். பையன் தேர்வாகி, பயிற்சிக்குப் பெலகாவி போனான். அங்கே அவனுக்கு ஒதுக்கியது வண்டிகள் பிரிவு. ஹெலிகாப்டருக்கு எரிபொருள் கொண்டுபோகிற லாரியின் கீழே படுத்துக்கொண்டு வேலை.

போன மாதம் விடுப்பில் வந்திருந்தான். முடியை ஒட்ட வெட்டி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் இந்த வருஷத்துப் ப்ளஸ் டூ கூட்டம்.

"எல்லாப் பசங்களும் ஹெலிகாப்டர், ஹெலிகாப்டர்னானுங்க. நான்தான், 'வண்டி குடுங்க சார்'னு கேட்டு வாங்கினேன். வண்டி போகலேன்னா எதுடா பறக்கும்? ஆபீசர் அப்படியே கைகொடுத்தாரு."

பெஞ்சின் ஓரத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"எழுந்து நின்னு கைகொடுத்தாருன்னு சொல்லுடா. பாதிய வுட்டுட்டுச் சொல்றே."