கோபுரத்தைப் பார்த்துத் திருத்துங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுக் கணினியில் வைஃபை குறி தெரிகிறது, ஆயினும் ஒரு பக்கமும் திறப்பதில்லை. கைத்தொலைபேசியில் மட்டும் எல்லாம் ஓடுகிறது. காரணம் யாது?
— ஒரு வாசகர், தெலுக் இந்தான்

பதில்: தங்கள் கைத்தொலைபேசி அதே வைஃபையில்தான் ஓடுகிறதென்றால் (சிம் டேட்டாவை அணைத்துப் பார்த்தபின் சொல்லுங்கள்; பல வீடுகளில் உண்மை அங்கேதான் வெளிப்படுகிறது), மோடம் பெரும்பாலும் நிரபராதி; விசாரணைக்குரியது கணினியே. அதன் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குமாயின், மோடத்திடமிருந்து முகவரி கிட்டாமையால் அது தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டு, புறம்போக்கில் குடிசை போட்டவனைப் போல் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்; இரண்டையும் அணைத்து, மோடத்தை முதலிலும் கணினியைப் பின்னரும் எழுப்புங்கள்.

முகவரி செம்மையாயிருந்தும் பக்கம் திறவாவிடில், திரை மூலையிலுள்ள தேதியைக் கவனியுங்கள். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும், இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்ற சான்றிதழை நீட்டுகிறது. ஆண்டு பின்தங்கிய கணினியோ, அச்சான்றிதழ் இன்னும் ஜனிக்கவே இல்லையெனத் தீர்மானித்து, கதவைச் சாத்திவிடுகிறது. 1885-இல் எழுந்த தங்கள் ஊர்க் கோபுரம், உள்ளே சுமந்த தண்ணீரின் பாரத்தாலும் அடிமண்ணின் மென்மையாலும் சாய்ந்துபோனாலும், மணி காட்டும் கடமையைக் கைவிட்டதில்லை. நிமிர்ந்து நிற்கும் தங்கள் கணினிக்கு அந்தப் புண்ணியமும் இல்லை.

திருத்திய தேதி, மின்சாரத்தை நிறுத்தியதும் மீண்டும் பழைய ஆண்டுக்கே திரும்புமாயின், மதர்போர்டிலுள்ள சிறு வட்டப் பேட்டரி ஆயுள் முடிந்தது. பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் வகை. கடைக்காரர் புதுக் கணினியே வாங்கச் சொன்னால், பேட்டரிக்கு மட்டும் விலை கேளுங்கள்.