ஏஜென்ட் தேடும் எழுத்தாளர்

ஏஜென்ட் தேடும் எழுத்தாளர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பரவலாகக் காணப்படும் ஒரு மனித வகை. பகலில் பள்ளி ஆசிரியராகவோ நர்ஸாகவோ வக்கீலாகவோ இருப்பார். இரவில் கண்விழித்து ஒரு நாவலை எழுதி முடித்திருப்பார். அதை ஒரு பெரிய பதிப்பகம் வெளியிட வேண்டுமானால் முதலில் ஓர் இலக்கிய ஏஜென்ட் அவரை ஏற்றுக்கொண்டாக வேண்டும். அப்படி ஏற்கச் சொல்லி அவர் கடிதம் அனுப்பத் தொடங்கும் நாள் முதல், யாராவது சரி என்று சொல்லும் வரையிலோ இவருக்கே கை ஓயும் வரையிலோ உள்ள காலத்தில்தான் இந்த வகையின் முழுக் குணமும் வெளிப்படும். வீட்டாருக்கு அறிகுறிகள் சீக்கிரமே தெரிந்துவிடும். சாப்பிட உட்காரும்போது போனை மரியாதையாகக் கவிழ்த்து வைத்திருப்பார். ஆனால் ஒரு விரல் அதன் மேலேயே இருக்கும்.

தமிழில் எழுத்தாளரும் பதிப்பாளரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதால் இந்த வகை இங்கே வளர வாய்ப்பில்லாமல் போயிற்று. (ராயல்டி கேட்டு அலைபவர் என்று வேறொரு வகை இங்கே உண்டு, அது தனிக் கட்டுரைக்கு உரியது.) ஆங்கிலப் பதிப்புலகில் பென்குயின் ராண்டம் ஹவுஸ், ஹார்ப்பர்காலின்ஸ், சைமன் அண்ட் ஷூஸ்டர், ஹஷெட், மேக்மில்லன் ஆகிய ஐந்து பெரிய நிறுவனங்களும் ஏஜென்ட் வழியாக வராத நாவலைப் பெரும்பாலும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் பார்த்தார்கள். தபாலில் தானாக வந்து சேர்ந்த பிரதிகள் ‘ஸ்லஷ்’ என்ற பெயரில் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் அதைக் கிளறுவார். வைக்கிங் பதிப்பகம் அப்படிக் கிளறி எடுத்து 1976-இல் வெளியிட்ட ஜூடித் கெஸ்டின் ‘ஆர்டினரி பீப்பிள்’ ராபர்ட் ரெட்ஃபோர்டு இயக்கத்தில் படமாகி ஆஸ்கரும் வாங்கியது. அதற்கு முன் அந்தக் குவியலிலிருந்து ஒரு நாவலை வைக்கிங் எடுத்துக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கிளறும் வேலை இப்போது ஏஜென்ட் தலையில் விழுந்திருக்கிறது. 1870-களில் லண்டனில் ஏ. பி. வாட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் எழுத்தாளர் சார்பில் பதிப்பாளரிடம் பேரம் பேசி 10 சதவீதக் கமிஷன் வாங்கியதிலிருந்து வளர்ந்த தொழில் இது. இப்போது உள்நாட்டு விற்பனைக்கு 15, வெளிநாட்டு உரிமைகளுக்கு 20 சதவீதம் என்பது வழக்கம். எழுத்தாளருக்கு இதில் ஆட்சேபணை எதுவும் இல்லை. ஐம்பது கேட்டாலும் கொடுக்கும் மனநிலையில்தான் இருக்கிறார், கேட்கத்தான் ஆளில்லை.

நாவல் முடிந்ததும் இவர் செய்யும் முதல் காரியம் எக்ஸெலில் ஒரு பட்டியல் தயாரிப்பது. ஏஜென்டின் பெயர், அலுவலகம், அனுப்பிய தேதி, பதில் வந்த தேதி, குறிப்பு என்று கட்டங்கள். பதில் வராதவை மஞ்சள், மறுப்பு சிவப்பு, முழுப் பிரதி கேட்டவை பச்சை. பச்சைக்கு எந்தச் சாயல் பொருத்தம் என்பதில் ஒரு மாலை கழியும். சில மாதங்களுக்குப் பிறகு பார்த்தால் அந்தச் சாயலைப் பயன்படுத்தவே நேர்ந்திருக்காது. அடுத்தது ஏஜென்டுகளின் விருப்பப் பட்டியல்களைப் படிப்பது. தமக்கு எந்த மாதிரிக் கதைகள் வேண்டும் என்று அவர்கள் அவ்வப்போது அறிவிப்பார்கள். கோபக்காரப் பாட்டிகளும் கடலும் கொஞ்சம் பேயும் வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தால், இவர் தன் நாவலைப் புரட்டுவார். பதினான்காம் அத்தியாயத்தில் ஒரு பாட்டி இருக்கிறாள். அவள் கோபித்துக்கொள்ளும் இடம் ஒன்றும் இருக்கிறது. கடல் இல்லாவிட்டாலும் ஓர் ஏரி இருக்கிறது. அன்றிரவே கடிதம் போய்விடும்.

கடிதம்தான் இந்த வகையின் தலையாய படைப்பு. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முந்நூறு சொற்களைச் சுற்றி இருப்பது நல்லது. ஒரு முழு நாவலாக விரித்து எழுதிய கதையை அதற்குள் சொல்லி, முடிவைச் சொல்லாமல் நிறுத்தி, நாவலின் நீளத்தையும் வகையையும் குறித்து, தன்னைப் பற்றி இரண்டு வரி சேர்த்து, இந்தக் குறிப்பிட்ட ஏஜென்டை ஏன் தேர்ந்தெடுத்தார் என்றும் எழுத வேண்டும். தேர்ந்தெடுத்த காரணம் எல்லாக் கடிதங்களிலும் ஒன்றுதான். பெயர் மட்டும் மாறும். பெயரை மாற்ற மறந்து அனுப்பப்பட்ட கடிதம் இந்த வகையினர் யாரிடம் கேட்டாலும் ஒன்று இருக்கும். அனுப்பும் பொத்தானை அழுத்திய அடுத்த நொடியில்தான் அது கண்ணில் படும் என்பது மாறாத விதி.

மிகவும் வாட்டுவது ஒப்புமை நூல்கள். ‘காம்ப்ஸ்’ என்று சொல்லப்படும் இந்தப் பகுதியில், தன் நாவலை விரும்புகிறவர்கள் ஏற்கெனவே விரும்பிப் படித்த இரண்டு புத்தகங்களைச் சொல்ல வேண்டும். அவை சமீபத்தில், கடந்த மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் வந்தவையாக இருக்க வேண்டும். பெரிய வெற்றி பெற்ற நூலைச் சொன்னால் கர்வம்; யாரும் கேள்விப்படாத நூலைச் சொன்னால் சந்தையில் இடமில்லை என்று பொருள். என் நாவலைப் போல வேறெதுவும் இல்லை என்று சொல்வது எல்லாவற்றிலும் பெரிய குற்றம். ஆறேழு வருடங்களாகத் தன் நாவலை மட்டுமே படித்துக்கொண்டிருந்தவருக்கு இது தர்மசங்கடம். நூலகத்துக்குப் போய், புது வரவுகளின் பின்னட்டைகளை நின்றபடியே படித்துவிட்டு, மொத்தத்தையும் படித்தவர் தோரணையில் இரண்டைக் குறித்துக்கொண்டு வருவார்.

இந்தச் சடங்கு புதிதல்ல. 1797 நவம்பரில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஆஸ்டன் என்ற பாதிரியார், தன்னிடம் மூன்று பாகங்களில் ஒரு நாவல் இருக்கிறது, ஃபேனி பர்னியின் ‘எவலினா’ அளவுக்கு நீளம், பார்க்கிறீர்களா என்று கேட்டு லண்டன் பதிப்பாளர் தாமஸ் கேடலுக்கு எழுதினார். நீளமும் ஒப்புமையும் ஒரே வரியில் வந்துவிட்டதால் இன்றைய இலக்கணப்படியும் அது ஓரளவு தேறும். ‘எவலினா’ வந்து 19 வருடம் ஆகியிருந்தது மட்டுமே குறை. கேடல் மறு தபாலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த நாவல் பாதிரியாரின் மகள் ஜேன் எழுதியது. பின்னால் திருத்தப்பட்டு 1813-இல் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ என்று வெளிவந்தது அதுதான் என்று கருதுகிறார்கள். இந்த வரலாற்றைக் கேட்கும் இன்றைய எழுத்தாளருக்குக் கேடலின் மடமை பெரிதாகப் படுவதில்லை. மறு தபாலிலேயே பதில் வந்ததா என்றுதான் கேட்பார்.

நீளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கான முதல் நாவல் எண்பதாயிரம் முதல் ஒரு லட்சம் சொல்லுக்குள் இருப்பது பாதுகாப்பு. இவருடைய நாவல் ஒரு லட்சத்து எண்பதாயிரம். ஏழு பாகங்களில் முதல் பாகம். தனித்து நிற்கும் நாவல், தொடராக வளரவும் இடமுண்டு என்று கடிதத்தில் எழுதுவார். மற்ற ஆறு பாகங்களுக்கான வரைபடமும் அரச வம்சாவளியும் மேசை டிராயரில் தயாராக இருக்கும் விஷயத்தை அடக்கி வாசிப்பார்.

அனுப்பியபின் காத்திருப்பு. எந்த ஏஜென்ட் எத்தனை நாளில் பதில் சொல்கிறார் என்று கடிதம் போட்டவர்களே பதிந்துவைக்கும் ‘க்வெரிட்ராக்கர்’ என்ற தளம் உண்டு, தொடங்கியது 2007-இல். காத்திருப்பவர்களின் பதற்றத்தைக் குறைக்கத்தான் அது வந்திருக்க வேண்டும். நடப்பது வேறு. 3-ஆம் தேதி வந்த கடிதத்துக்கு மறுப்புப் போயிருக்கிறது; 5-ஆம் தேதிக் கடிதத்துக்கும் போயிருக்கிறது; 4-ஆம் தேதி தான் அனுப்பியதற்கு மட்டும் பதில் இல்லை. அப்படியானால் ஏஜென்ட் அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். உதவியாளரிடம் காட்டியிருப்பார். இருவரும் இப்போது அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். இந்த ஊகம் பதினோரு நாள் உயிரோடு இருக்கும். பன்னிரண்டாம் நாள் 4-ஆம் தேதிக்கான மறுப்பு வரும்.

மறுப்புகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை: வாய்ப்புக்கு நன்றி, இது எனக்குப் பொருந்தும் என்று தோன்றவில்லை, இது தனிப்பட்ட ரசனை சார்ந்தது, வேறொருவர் மாற்றிக் கருதக்கூடும். நான்கே வரி. ஆனால் பரிமேலழகர் ஒரு குறளுக்கு எடுத்துக்கொண்ட சிரத்தை சற்றும் குறையாமல் இவர் அதற்கு உரை எழுதுவார். ‘தோன்றவில்லை’ என்கிறார், இல்லை என்று அடித்துச் சொல்லவில்லை. ‘வேறொருவர்’ என்றால் யாரையோ மனத்தில் வைத்துத்தான் சொல்லியிருக்கிறார். கதாநாயகியின் பெயர் குறிப்பிடப்பட்டிருந்தாலோ கேட்கவே வேண்டாம்; அது தனிக் கவனம் பெற்ற மறுப்பு, உயர்ந்த சாதி. அதை மனைவிக்கோ கணவனுக்கோ படித்துக் காட்டுவார். வேண்டாம் என்றுதானே எழுதியிருக்கிறார்கள் என்று அவர்கள் கேட்டால், இலக்கியம் தெரியாதவர்களோடு வாழ நேர்ந்ததை நினைத்து வருந்துவார்.

இப்போது மூன்றாவது வகைப் பதில் பெருகிவருகிறது: பதிலே இல்லாதது. இத்தனை வாரத்துக்குள் பதில் வராவிட்டால் மறுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள் என ஏஜென்டுகள் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். தபால் காலத்தில் நிலைமை இதைவிட மேல் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அப்போது சுயமுகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். மறுப்பு தன் கையெழுத்திலேயே, தன் செலவிலேயே வீட்டுக்கு வரும். சிறுவன் ஸ்டீபன் கிங் தனக்கு வந்த மறுப்புகளைச் சுவரில் ஓர் ஆணியில் குத்தி வைத்தார். பதினான்கு வயதாகும்போது ஆணி கனம் தாங்காமல் போகவே, பெரிய குத்தூசியாக மாற்றினார். மின்னஞ்சலைக் குத்திவைக்க முடியாது என்பது இன்றைய தலைமுறைக்கு ஓர் இழப்புதான்.

இந்த வகையினருக்குப் புராணங்கள் உண்டு. கேத்ரின் ஸ்டாக்கெட்டின் ‘தி ஹெல்ப்’ நாவலை 60 ஏஜென்டுகள் மறுத்தார்கள். 61-ஆவது ஏஜென்ட் எடுத்துக்கொண்டார். 2009-இல் வெளிவந்து விற்பனையில் சக்கைப்போடு போட்டது. இதனால் 59-ஆவது மறுப்பு வரையில் யாரும் மனம் தளர்வதில்லை. ஜே. கே. ரோலிங்கை 12 பதிப்பகங்கள் மறுத்தது எல்லோருக்கும் தெரியும். அவர் அணுகிய இரண்டாவது ஏஜென்டே அவரை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்பதை மட்டும் இவர்கள் சொல்வதில்லை. ஸ்டெஃபனி மேயர் ‘ட்வைலைட்’டுக்காகப் போட்டவை 15 கடிதங்கள்தான். ஒன்பது மறுப்பு, ஐந்து மௌனம், ஒரு சம்மதம். சில மாதங்களில் மூன்று புத்தகங்களுக்கு ஏழரை லட்சம் டாலர் ஒப்பந்தம். இந்தக் கதையை இவர்கள் அடக்கம் கருதியோ என்னவோ அதிகம் பேசுவதில்லை.

எல்லாவற்றிலும் இனிப்பது சக் ராஸ் என்பவர் செய்த சோதனை. 1969-இல் அமெரிக்காவின் தேசிய புத்தக விருது பெற்ற யெர்ஸி கொசின்ஸ்கியின் ‘ஸ்டெப்ஸ்’ நாவலை அவர் அப்படியே தட்டச்சு செய்து, வேறு பெயர் போட்டு, 1970-களில் 14 பதிப்பகங்களுக்கும் 13 ஏஜென்டுகளுக்கும் அனுப்பினார். எல்லோருமே மறுத்தார்கள், முன்பு அதை வெளியிட்ட ராண்டம் ஹவுஸும் அதில் அடக்கம். மறுப்பு வரும் ஒவ்வொரு முறையும் இந்தக் கதை வீட்டில் சொல்லப்படும். ஏஜென்டுகளுக்கு ஒன்றும் தெரியாது என்பதற்கு இது சான்று. மறுநாள் காலை அதே ஏஜென்டுகளில் ஐந்து பேருக்குக் கடிதம் போகும்.

படிப்பதற்குக் கட்டணம் கேட்கும் போலி ஏஜென்டுகளைப் பற்றி இவர்கள் நன்றாகவே அறிந்தவர்கள். கமிஷனைத் தவிர எழுத்தாளரிடமிருந்து காசு வாங்குபவர் ஏஜென்டே அல்ல என்பது பாலபாடம். ஆனாலும் எழுபது மறுப்புக்குப் பின் உடனடியாக, அன்பாக, வியப்புக்குறிகளோடு ஒரு பதில் வரும்போது பாலபாடம் சற்று ஆட்டம் காணும்.

சிலருக்கு முழுப் பிரதி கேட்டு அழைப்பு வரும். அதை அனுப்புவதற்கு முன் முதல் வாக்கியத்தை மாற்றி, மறுபடி பழையபடியே மாற்றி வைப்பார். அதிலும் தேறினால், தொலைபேசியில் பேசலாமா என்று ஏஜென்டிடமிருந்து மின்னஞ்சல் வரும். ‘தி கால்’ என்று இவர்கள் பயபக்தியோடு சொல்வது இதைத்தான். ஏஜென்ட் அழைத்து, எடுத்துக்கொள்கிறேன் என்பார். உடனே காலில் விழுவது முறையல்ல. யோசிக்க இரண்டு வாரம் தாருங்கள் என்று கேட்டுவிட்டு, பாக்கி ஏஜென்டுகளுக்கெல்லாம் எனக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது என்று எழுத வேண்டும். அதுவரை கல்லாக இருந்த இன்பாக்ஸ் ஒரே நாளில் உயிர்பெறும். ஆறு மாதமாகப் பேசாமலிருந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் வாழ்த்துச் சொல்லி, நேரமின்மையால் விலகிக்கொள்வார்கள். அவை மறுப்பாகவே இருந்தாலும் எழுத்தாளருக்கு வாழ்க்கையில் அவ்வளவு இன்பமான மறுப்புகள் கிடைத்ததில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஏஜென்ட் தன் வேலையைத் தொடங்குவார். அதாவது, பதிப்பக ஆசிரியர்கள் பன்னிரண்டு பேருக்கு ஒரு கடிதம் எழுதுவார். கதையின் சாரம், நீளம், ஒப்புமை நூல்கள் இரண்டு, ஆசிரியர் குறிப்பு எல்லாம் அதில் உண்டு. பதில் எப்போது வரும் என்று எழுத்தாளர் மெதுவாகக் கேட்டு எழுதுவார். ஆகஸ்டில் யாரும் அலுவலகத்தில் இருக்க மாட்டார்கள், அக்டோபரில் ஃபிராங்ஃபர்ட் புத்தகச் சந்தை, டிசம்பரில் பாதி மாதம் விடுமுறை. அதனால் இன்பாக்ஸைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் அடுத்த நாவலை ஆரம்பியுங்கள் என்று ஏஜென்ட் பதில் எழுதுவார். அந்தப் பதில் வர ஒன்பது நாள் ஆகும்.